சண்டை ஒருவருடையது, எலும்பு இன்னொருவருடையது

2022 ஜூன் 25, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் சான் டியேகோவில் பெட்கோ பார்க் பேஸ்பால் மைதானம். பாட்ரெஸ் அணியின் பிளேக் ஸ்னெல் வீசிய பந்து கைதவறி, ஃபில்லீஸ் அணியின் பிரைஸ் ஹார்ப்பர் முகத்துக்கு நேராக வந்தது. ஹார்ப்பர் கையைத் தூக்கி மறைத்தார். பந்து இடது கட்டைவிரலில் பட்டு எலும்பு உடைந்தது. மேஜர் லீக் பேஸ்பாலின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் முந்தைய ஆண்டின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர் அவர். வலியோடு எழுந்து ஸ்னெல்லைப் பார்த்துக் கத்தினார். ஸ்னெல்லும் பதிலுக்குக் கத்தினார், வேண்டுமென்று செய்யவில்லை என்று. அது தனக்கும் தெரியும் என்பதுபோல் சைகை காட்டிவிட்டு ஹார்ப்பர் உள்ளே போனார். ஆட்டம் தொடர்ந்தது. அவர் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது.

மறுநாள் ஞாயிறு மதியம், அங்கிருந்து வடக்கே சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி, அனஹைம். ஏஞ்சல்ஸ் அணிக்குப் பந்து வீசும் பிட்சர் ஆண்ட்ரூ வாண்ட்ஸின் பந்து சியாட்டில் மரைனர்ஸின் ஜெஸ்ஸி விங்கர் இடுப்புப் பக்கம் பட்டது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு நாள் கன்றிப்போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அடுத்த சில நிமிடங்களில் இரண்டு அணியும் கட்டிப் புரண்டன. ஆட்டம் கால் மணி நேரத்துக்கும் மேல் நின்றது. பிறகு 12 பேருக்குத் தடை, எல்லாம் சேர்த்து 47 ஆட்டங்கள்.

எலும்பு உடைந்த இடத்தில் சண்டை இல்லை, உடையாத இடத்தில் ரணகளம். பேஸ்பால் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. பழைய ரசிகர்களோ ஒவ்வொரு சீசனிலும் இதை வைத்தே மாய்ந்து மாய்ந்து வாதாடுகிறார்கள். வேண்டுமென்று வீசினானா? எத்தனை ஆட்டம் தடை? யார் எத்தனை வாரம் வெளியே? இந்த மூன்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பதால்தான் அந்த வாதம் முடிவதே இல்லை என்று நினைக்கிறேன். மூன்றும் வெவ்வேறு கணக்கு. அதிலும் மூன்றாவது கணக்கு, பெரும்பாலும் சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் தலையில் போய் விடிகிறது.

முதல் கணக்கு, உள்நோக்கம். கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி எழும்பும். குத்தாமல் தலைக்கு வந்தால் நோபால், பந்துவீச்சாளர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பார். பேஸ்பாலில் எல்லாப் பந்தும் குத்தாமல்தான் வரும். அறுபதரை அடி தூரம், 145 கிராம் எடையுள்ள கெட்டியான பந்து, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம். விலகுவதற்கு அரை நொடிகூடக் கிடைக்காது. பேட்டர், தரையில் பதித்த ஹோம் பிளேட் என்ற தட்டை ஒட்டி நிற்கப் பார்ப்பார், பிட்சர் அவரைப் பின்னுக்குத் தள்ளப் பார்ப்பார். அந்த இழுபறியில் உடம்பில் படுவது அன்றாடம். 2021 சீசனில் மட்டும் பேட்டர்கள் மேல் பந்து பட்டது 2,000 தடவைக்கு மேல். விதிப்புத்தகப்படி, பட்டவர் முதல் பேஸுக்கு, அதாவது ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய நிலைகளில் முதலாவதற்கு, சும்மாவே போகலாம். பெரும்பாலும் எல்லோரும் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே போய்விடுகிறார்கள்.

சண்டை கிளம்புவது வலியால் அல்ல, அவமானத்தால். அதைக் கண்டுபிடிக்க ரசிகர்கள் ஒரு துப்பறியும் முறையே வைத்திருக்கிறார்கள். ஸ்கோர் என்ன, கவுண்ட் (குறி தவறிய ‘பால்’ எத்தனை, பேட்டர் தவறவிட்ட ‘ஸ்ட்ரைக்’ எத்தனை) என்ன, என்ன வகைப் பந்து, எங்கே பட்டது, இருவருக்கும் பழைய பாக்கி உண்டா? ஒரு ரன் முன்னிலையில், இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் ஆள் அவுட் என்கிற மூன்று பால் இரண்டு ஸ்ட்ரைக் நிலையில் யாரும் சும்மா ஒரு பேஸைத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். வளைந்து விழும் மெதுவான பந்து பட்டால் அதை யாரும் குற்றமாக எடுப்பதில்லை. ஆனால் ஆள் களத்துக்கு வந்த முதல் பந்தே, அதிவேகப் பந்து, நேராக இடுப்புக்கு வந்தால், அது கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம். இடுப்பு, தொடை என்றால் எழுதப்படாத சட்டத்தில் மன்னிப்பு உண்டு. தலைக்கு மட்டும் கிடையாது. 1920 ஆகஸ்டில் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் கார்ல் மேஸ் வீசிய பந்து தலையில் பட்டு கிளீவ்லேண்டின் ரே சாப்மன் மறுநாள் இறந்துபோனார். அந்த நினைவு இந்த ஆட்டத்தை விட்டு இன்னும் போகவில்லை.

அனஹைம் விவகாரத்தின் வேரும் தலைதான். சனிக்கிழமை ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் மரைனர்ஸின் எரிக் ஸ்வான்சன் வீசிய பந்து ஏஞ்சல்ஸின் மைக் ட்ரவுட் தலைப்பக்கமாகப் போனது. ட்ரவுட் அதை லேசில் எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிறன்று ஆட்டம் தொடங்கும் நேரத்தில், முதலில் அறிவித்திருந்த ஹோஸே சுவாரெஸை நிறுத்திவைத்துவிட்டு ஏஞ்சல்ஸ் வாண்ட்ஸை இறக்கியது. முதல் இன்னிங்ஸில் மரைனர்ஸின் ஹூலியோ ரோட்ரிகெஸுக்குப் பின்னால் ஒரு பந்து போனது. இரண்டாவது இன்னிங்ஸில் விங்கருக்கு. இதைப் படிக்கக் கண்ணாடி தேவையில்லை.

கவனியுங்கள், ட்ரவுட்டைப் பயமுறுத்தியவர் ஸ்வான்சன். அடிபட்டதோ விங்கர். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே எய்தவனையும் விட்டு, அம்பையும் விட்டு, பக்கத்து வீட்டுக்காரனைப் பிடித்து அடிக்கிறார்கள். காரணம் எளிது. இன்னொரு பிரிவான அமெரிக்கன் லீக்கில் 1973 முதல் பிட்சர்கள் மட்டை பிடிக்க வேண்டியதில்லை, அவர்களுக்குப் பதிலாக ஆட ஒரு பேட்டர் உண்டு. 2022 முதல் நேஷனல் லீக்கிலும் அதே கதை. வீசியவர் திரும்ப ஒருநாளும் பந்துக்கு எதிரே நிற்கப்போவதில்லை என்றால், வட்டி வேறொருவரிடம்தான் வசூலாகும்.

இந்தத் துப்பறிதல் எப்போதும் சரியாக வருமா? வராது. அதற்கு 2013 ஏப்ரல் 11ஐப் பார்த்தால் போதும். அதே பெட்கோ பார்க். டாட்ஜர்ஸ் அணி ஆறு ஆண்டுகளுக்கு 147 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்த ஸாக் கிரெய்ங்கி, புது அணிக்காகத் தன் இரண்டாவது ஆட்டத்தில் வீசிக்கொண்டிருந்தார். ஆறாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் 2-1 முன்னிலை, மூன்று பால் இரண்டு ஸ்ட்ரைக். எதிரே பாட்ரெஸின் கார்லோஸ் குவென்டின். பந்து அவர் தோள் பக்கம் பட்டது. மேலே சொன்ன கணக்குப்படி இது வேண்டுமென்று வீசியதாக இருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் குவென்டின் வேறு கணக்கு வைத்திருந்தார். இருவரும் வேறு அணிகளில் இருந்த காலத்தில் கிரெய்ங்கியின் பந்து ஏற்கெனவே இரண்டு முறை அவர் மேல் பட்டிருக்கிறது. பிளேட்டை அணைத்துக்கொண்டு நிற்கிற அவர்மேல் படாத பிட்சரே குறைவு, வாழ்நாளில் நூறு முறைக்கு மேல் பட்டிருக்கிறது என்பது வேறு விஷயம். மட்டையை எறிந்துவிட்டு, பிட்சர் நின்று வீசும் மேடான மவுண்டை நோக்கி ஓடினார். கிரெய்ங்கி பின்வாங்காமல் இடது தோளைக் கொடுத்தார். காறை எலும்பு முறிந்தது.

அடி எங்கே பட்டது என்பதில்கூட ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. அவர் வலது கையால் வீசுகிறவர். இரண்டு நாளில் அறுவைச் சிகிச்சை, மே 15 அன்று மறுபடி மவுண்டில். ஐந்து வாரம் போனது. குவென்டினுக்குக் கிடைத்த தடை 8 ஆட்டம். கிரெய்ங்கி திரும்பி வரும்வரை குவென்டினும் ஆடக்கூடாது என்று டாட்ஜர்ஸ் மேலாளர் டான் மாட்டிங்லி அன்றே கொதித்தார். ஆட்டம் முடிந்து வெளியேறும் வழியில் டாட்ஜர்ஸின் மாட் கெம்ப் குவென்டினை மறித்துச் சண்டைக்குப் போனார். டாட்ஜர்ஸ் ரசிகர்களின் வாதமும் மாட்டிங்லி சொன்னதுதான்: கண்ணுக்குக் கண், வாரத்துக்கு வாரம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் நிற்காது. லீக் தண்டிப்பது செயலை, விளைவை அல்ல. அதே ஓட்டம் ஓடி, அதே மோது மோதி, எலும்பு தப்பியிருந்தால் குவென்டினுக்குக் கிட்டத்தட்ட அதே தண்டனைதான் கிடைத்திருக்கும். விளைவை வைத்து அளந்தால், எதிரணியின் மருத்துவர் எழுதும் சீட்டுதான் தண்டனையைத் தீர்மானிக்கும். தவிர, தடைக்கு எதிராக மேல்முறையீடு செய்யும் உரிமையை வீரர்கள் சங்கம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறது. பல தண்டனைகளில் ஒன்றிரண்டு ஆட்டம் அங்கேயே உதிர்ந்துவிடும்.

அளவுகோல் பழசு என்பதும் உண்மை. 1965 ஆகஸ்ட் 22, சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க். ஜயன்ட்ஸ் பிட்சர் ஹுவான் மாரிஷால் மட்டை பிடிக்க நின்றபோது, பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் டாட்ஜர்ஸ் கேட்சர் ஜான் ரோஸ்போரோ தன் பிட்சருக்குத் திருப்பி எறிந்த பந்து மாரிஷாலின் காதை உரசுவதுபோல் போனது. மாரிஷால் கையிலிருந்த மட்டையாலேயே ரோஸ்போரோ தலையில் அடித்தார். 14 தையல். தண்டனை 8 ஆட்ட நாள் தடை, 1,750 டாலர் அபராதம். மட்டையால் மண்டையில் அடித்ததற்கும் எட்டு, 48 ஆண்டு கழித்துத் தோளால் மோதியதற்கும் எட்டு. அந்த 1965 சீசனில் ஜயன்ட்ஸ் இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் டாட்ஜர்ஸிடம் பட்டத்தை விட்டது. மாரிஷால் உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஊர்க் கிழவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள்.

பிட்சர் என்றால் தண்டனையின் கணக்கே வேறு. தொடக்க பிட்சர் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வீசுவார். அவருக்கு ஐந்து ஆட்டம் தடை என்பது, அணி வீசும் வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால், ஓய்வு ஒரு நாள் கூடியதுபோல்தான். தினமும் ஆடும் பேட்டருக்கு அதே ஐந்து உண்மையிலேயே ஐந்து. இதில் ரசிகர்கள் அதிகம் கவனிக்காத ஒன்றும் உண்டு. காயப்பட்டவரை காயப் பட்டியலில் போட்டுவிட்டு வேறொருவரை அணிக்குள் கொண்டுவரலாம். மைதானச் சண்டைக்காகத் தடைபட்டவருக்கு மாற்று ஆள் கிடையாது, 26 பேர் அணி 25 பேரோடு ஆட வேண்டும். ஒரே நாளில் 12 பேருக்குத் தடை விழுந்தபோது, எல்லோரும் ஒரே சமயத்தில் வெளியே போய்விடாதபடி லீக் அதைப் பிரித்துப் பிரித்து அமல்படுத்தியது அதனால்தான்.

அம்பயரின் எச்சரிக்கை இன்னொரு தலைவலி. ஒருவர் மேல் பந்து பட்டதும் அம்பயர் இரண்டு பக்கத்தையும் பார்த்து எச்சரிப்பார். அதற்குப் பிறகு வேண்டுமென்று வீசினால் பிட்சரும் மேலாளரும் வெளியே. பார்க்க நடுநிலை. ஆனால் முதல் அடி வாங்கிய பக்கத்துக்கு இது எப்படிப் படும்? அவன் அடித்தாயிற்று, எனக்கு மட்டும் கைவிலங்கு. பாக்கி அப்படியே அடுத்த தொடருக்கு, சில சமயம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

இனி அந்த மூன்றாவது கணக்கு. சண்டை என்றதும் இரண்டு அணியிலும் இருக்கும் அத்தனை பேரும் ஏன் ஓடி வருகிறார்கள்? முரட்டுத்தனம் மட்டும் காரணமல்ல, எண்ணிக்கை. களத்தில் பந்து வீசும் அணிக்கு ஒன்பது பேர். மட்டை பிடிக்கும் அணிக்கு ஒருவர், மிஞ்சினால் பேஸில் இரண்டு மூன்று பேர். தனியாக மவுண்டுக்கு ஓடுகிறவரை ஒன்பது பேருக்கு நடுவில் விட முடியாது என்று, மற்ற வீரர்கள் உட்கார்ந்திருக்கும் டக்அவுட் காலியாகும். அதைப் பார்த்து எதிர் டக்அவுட்டும் காலியாகும். அவுட்ஃபீல்டுக்குப் பின்னால் புல்பென்னில் உட்கார்ந்திருக்கும் பிட்சர்கள் இருநூறு முந்நூறு அடி மூச்சிரைக்க ஓடி வந்து சேரும்போது பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். பல நேரம் அவர்கள் எதிரணிப் பிட்சர்களோடு பக்கத்தில் பக்கத்தில் ஓடி வருவார்கள். பேஸ்பாலில் எனக்குப் பிடித்த நகைச்சுவைக் காட்சி அது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சட்டையைப் பிடித்து இழுத்து விலக்கத்தான் வருகிறார்கள். அடி விழுவதும் அவர்களுக்குத்தான்.

2010 ஆகஸ்ட் 10, சின்சினாட்டி. ரெட்ஸின் பிராண்டன் பிலிப்ஸ் முந்தைய நாள் எதிரணி கார்டினல்ஸைப் பற்றி வாய்விட்டிருந்தார். களத்துக்கு வந்ததும் வழக்கம்போல கேட்சர் யாடியர் மொலினாவின் கால் கவசத்தை மட்டையால் தட்டி வணக்கம் வைத்தார். பேசியதையும் பேசிவிட்டு வணக்கமா என்று மொலினாவுக்குப் பற்றிக்கொண்டது. இருவரும் வாய்ச் சண்டையோடு சரி. கூட்டம் நெருக்கித் தள்ளியதில் ரெட்ஸ் பிட்சர் ஜானி குவேட்டோ பின்வலைக்கும் ஆட்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, முள் வைத்த ஷூக்களோடு உதைக்கத் தொடங்கினார். அந்த உதைகள் கார்டினல்ஸின் மாற்று கேட்சர் ஜேசன் லாரூவின் தலையில் பட்டன. லாரூ அன்றைக்கு ஆடவே இல்லை. பிலிப்ஸோடும் அவருக்கு ஒரு வம்பும் இல்லை. தன் வாழ்நாளில் பெரும்பகுதி ரெட்ஸ் அணிக்கே கேட்ச் பிடித்தவர் அவர். முன்பே பலமுறை மூளை அதிர்ச்சி கண்டிருந்த தலை இதைத் தாங்கவில்லை. அடுத்த மாதமே ஓய்வு அறிவித்தார். குவேட்டோவுக்கு 7 ஆட்டம் தடை. பிலிப்ஸும் மொலினாவும் தொடர்ந்து ஆடினார்கள்.

2017 மே 29, சான் பிரான்சிஸ்கோ. இங்கேயும் ஹார்ப்பர்தான், அப்போது வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியில். ஜயன்ட்ஸின் ஹன்டர் ஸ்ட்ரிக்லேண்ட் வீசிய முதல் பந்தே அவர் இடுப்பில் பட்டது. சீசன் முடிந்ததும் நடக்கும் பட்டச் சுற்றான பிளேஆஃபில், 2014இல், ஸ்ட்ரிக்லேண்டின் பந்தில் ஹார்ப்பர் சுவரைத் தாண்டி இரண்டு ஹோம் ரன் அடித்ததுதான் பழைய பாக்கி. அந்தத் தொடரை வென்றது ஜயன்ட்ஸ், அந்த ஆண்டு உலகத் தொடரையும் வென்றது. ஜெயித்தவர் இரண்டரை ஆண்டு மனதில் வைத்திருந்தார்! ஹார்ப்பர் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தார், அது எங்கோ போய் விழுந்தது. இருவரும் குத்திக்கொண்டார்கள். ஹார்ப்பரை நோக்கி ஒரு பக்கமிருந்து ஜெஃப் சமார்ஜா பாய்ந்து வந்தார், ஆறடி ஐந்து அங்குலம், கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிய உடம்பு. மறுபக்கமிருந்து அதே ஜயன்ட்ஸின் மைக்கேல் மோர்ஸ், அதே உயரம். இரண்டு மலையும் ஒன்றோடொன்று முட்டின. ஹார்ப்பர் மேல் அந்த மோதல் படவில்லை. மோர்ஸுக்கு மூளை அதிர்ச்சி. அவர் ஹார்ப்பரோடு வாஷிங்டனில் ஒரே அணியில் ஆடியவர். அதற்குப் பிறகு ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. ஸ்ட்ரிக்லேண்டுக்கு 6 ஆட்டம், ஹார்ப்பருக்கு 4, மேல்முறையீட்டில் அது 3 ஆனது.

அன்று ரசிகர்கள் அதிகம் திட்டியது சண்டை போட்டவர்களை அல்ல, கேட்சர் பஸ்டர் போஸியை. தன் பிட்சரை நோக்கி ஓடும் பேட்டரைப் பிடித்து நிறுத்துவது கேட்சர் வேலை, அவரோ நின்ற இடத்தில் நின்று வேடிக்கை பார்த்தார் என்று. எனக்கென்னவோ அன்று மைதானத்தில் புத்தியோடு இருந்தவர் அவர் ஒருவர்தான் என்று படுகிறது. 2011இல் ஹோம் பிளேட் மோதலில் கால் உடைந்து ஒரு சீசனையே தொலைத்தவர். சக ஆட்டக்காரரின் சொந்தப் பகைக்கு அவர் ஏன் இன்னொரு காலைக் கொடுக்க வேண்டும்?

அனஹைமுக்குத் திரும்பினால் அதே கதை, கொஞ்சம் அபத்தம் கூடுதல். பந்து பட்டதும் விங்கர் பிட்சரை நோக்கி ஓடவில்லை. ஏஞ்சல்ஸ் டக்அவுட்டிலிருந்து வந்த சத்தத்தைப் பார்த்து அங்கே ஓடினார். முன் நின்றவர்களில் ஒருவர் அந்தோணி ரெண்டன், அறுவைச் சிகிச்சை ஆன வலது மணிக்கட்டில் கட்டோடு, இடது கையால் விங்கர் முகத்தில் வைத்துத் தள்ளினார். ஏற்கெனவே காயப் பட்டியலில் இருப்பவரை எப்படித் தடை செய்வது? 5 ஆட்டம், உடம்பு தேறி வந்தபிறகு அனுபவிக்க வேண்டும் என்று எழுதினார்கள். ரைசல் இக்லேசியாஸ் கோபத்தில் சூரியகாந்தி விதை டப்பாவைத் தூக்கி மைதானத்தில் வீச, விதைகள் புல் முழுக்கச் சிதறின. அவருக்கு 2. இடைக்கால மேலாளர் ஃபில் நெவினுக்கு 10. அணியின் மொழிபெயர்ப்பாளருக்குக்கூட 2. எங்கோ தொலைவிலிருந்து ஆட்டம் பார்த்த ஒரு மரைனர்ஸ் ரசிகை விங்கர் பெயருக்கு மைதானத்துக்கே பீட்சா ஆர்டர் பண்ணினார், அதுவும் போய்ச் சேர்ந்தது.

அந்த 12 பேர் பட்டியலில் இல்லாத பெயர் ஆர்ச்சி பிராட்லி. ஏஞ்சல்ஸின் ரிலீஃப் பிட்சர், அதாவது ஆட்டத்தின் இடையில் வந்து வீசுகிறவர். கூட்டத்தில் சேர டக்அவுட் கம்பித் தடுப்பைத் தாண்டும்போது தவறி விழுந்தார். யாரும் அவரைத் தொடவில்லை, அவரும் யாரையும் தொடவில்லை. வலது முழங்கை முறிந்தது, வீசுகிற கை. மாதக்கணக்கில் வெளியே. அந்த நாளின் ஆகப்பெரிய காயம் அதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ரசிகர்கள் சண்டையைக் கொண்டாடுவதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: அணியை அது ஒன்றுசேர்த்தது. மரைனர்ஸ் ரசிகர்களிடம் கேட்டால் ஜூலையில் தொடர்ந்து 14 ஆட்டம் வென்றதையும், 2001க்குப் பிறகு முதல்முறையாக பிளேஆஃப் போனதையும் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிச்சுப் போடுவார்கள். அதே சண்டையில் அதே அளவு உருண்ட ஏஞ்சல்ஸ் 73 வெற்றி, 89 தோல்வியோடு சீசனை முடித்தது, அதை யாரும் எதனோடும் முடிச்சுப் போடுவதில்லை. 2013 ஜூன் 11 அன்று டாட்ஜர்ஸும் அரிசோனாவும் மோதியபோதும் இப்படித்தான். அதன் பிறகு டாட்ஜர்ஸ் ஒரு கட்டத்தில் 50 ஆட்டத்தில் 42 வென்றது, சண்டைதான் தீ மூட்டியது என்றார்கள். ஆனால் புது வீரர் யாசியல் புயீக் அணிக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, ஹான்லி ராமிரெஸ் காயத்திலிருந்து திரும்பியிருந்தார், கிரெய்ங்கியின் காறை எலும்பும் கூடிவிட்டிருந்தது. அரிசோனா சரியாக 81 வென்று 81 தோற்றது.

ஹார்ப்பர் 2022 ஆகஸ்ட் 26 அன்று திரும்பி வந்தார். அக்டோபரில் நேஷனல் லீக் இறுதித் தொடரில் ஃபில்லீஸுக்கு எதிரே வந்து நின்றது ஸ்னெல்லின் பாட்ரெஸ். 23ஆம் தேதி, ஃபிலடெல்ஃபியாவில் மழையோடு நடந்த ஐந்தாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் ஃபில்லீஸ் ஒரு ரன் பின்னால், பேஸில் ஒருவர். ராபர்ட் சுவாரெஸ் வீசிய பந்தை ஹார்ப்பர் இடது பக்கச் சுவருக்கு மேல் அனுப்பினார். 4-3. பாட்ரெஸ் மூட்டை கட்டியது.